வாகனப் பாதைக்குக் கல்: விற்பவரும் வாங்குபவரும் அறிய வேண்டியவை



வடமராட்சியில் புது வீடு கட்டுபவர்களும் பழைய வீட்டைத் திருத்துபவர்களும் இப்போது கேற்றிலிருந்து போர்ட்டிக்கோ வரை வாகனம் போகும் பாதைக்கு இயற்கைக் கல் பதிக்க விரும்புகிறார்கள். ஒரு காலத்தில் இந்தப் பாதைக்குக் கிரவல் கொட்டினார்கள். பிறகு கொங்கிரீட் போட்டார்கள். அதன் பின்னர் இன்டர்லொக் கல் வந்தது. இப்போது வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கைபேசியில் ஒரு படத்தை அனுப்பி, "அப்பா, இந்த மாதிரிக் கல் பதியுங்கோ" என்கிறார்கள். அப்பா அந்தப் படத்தோடு நெல்லியடிக்கு வந்து கடை கடையாக ஏறி இறங்குகிறார்.

அவர் கேட்பது இரண்டே கேள்விகள்தான். எந்தக் கல் நல்லது? அதற்கு எந்தச் சீலர் அடிப்பது? இந்த இரண்டுக்கும் சரியான பதில் தெரியாமல் சரக்கை விற்றுவிடும் வியாபாரிகள் நம்மில் அதிகம். தெரிந்தும் சொல்லாமல் விற்பவர்களும் இருக்கிறார்கள். கல் என்பது சட்டை அல்ல, பிடிக்காவிட்டால் மாற்றிக் கொடுப்பதற்கு. பதித்த பிறகு குறை தெரிந்தால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆகவே விற்கும் முன் மூன்று விஷயங்களை நாமாகவே சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. இது என்ன கல், எத்தனை மில்லிமீட்டர் தடிப்பு, எவ்வளவு தண்ணீர் குடிக்கும்? சீலர் அதற்குப் பிறகுதான் வரும்.

நம் மண்ணின் கல்

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலத்துக்கு அடியில் இருப்பது மிகப் பழமையான கடும்பாறை. யாழ்ப்பாணக் குடாநாடு அப்படியல்ல. இங்கே கிணறு வெட்டினால் வருவது சுண்ணாம்புக்கல். ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிப் பெருப்பித்துக் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டையின் சுவர்களில் சுண்ணாம்புக்கல்லும் முருகைக்கல்லும்தான் இருக்கின்றன. காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வந்ததும் இந்தக் கல்லை நம்பித்தான். நெல்லியடியிலிருந்து பருத்தித்துறைக்குப் போகிறவர்கள் அங்குள்ள தெருமூடி மடத்தைப் பார்த்திருப்பார்கள். அதன் தூண்களும் சுண்ணாம்புக்கல்தான். இன்றைக்கும் நிற்கின்றன.

ஆகவே சுண்ணாம்புக்கல் கூடாத கல் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் அதன் குணத்தை அறிந்து பாவிக்க வேண்டும். அது அமிலத்துக்குக் கரையும். மழைநீரில் இயற்கையாக உள்ள சிறிதளவு அமிலமே எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாக நிலத்துக்குள் இந்தக் கல்லைக் கரைத்துக் குகைகளையும் பள்ளங்களையும் உண்டாக்கியிருக்கிறது. புத்தூர்ப் பக்கத்தில் உள்ள நிலாவரைக் கிணறு அப்படி உண்டானதுதான். வாகனம் நிற்கும் இடத்தில் பற்றரித் தண்ணீர் சிந்தும். முற்றத்தில் தேசிக்காய் விழுந்து நசியும். வேலைக்காரர் மலசலகூடம் கழுவும் அசிட்டை வாளியோடு கொண்டுவந்து ஊற்றித் தேய்ப்பார். சுண்ணாம்புக்கல்லில் அந்த அடையாளம் வெள்ளையாக நின்றுவிடும்.

கடும்பாறையான கருங்கல் வேண்டுமென்றால் வன்னியிலிருந்தோ தெற்கிலிருந்தோ வர வேண்டும். இல்லாவிட்டால் இந்தியாவிலிருந்து கொழும்புத் துறைமுகம் வழியாக வர வேண்டும். அப்படி வரும் கல்லில்தான் பெயர்க் குழப்பம் ஆரம்பமாகிறது.

பெயரை நம்பாதீர்கள்

இந்தியாவிலிருந்து வரும் கல்லில் நம் கடைகளுக்கு எட்டுவது பெரும்பாலும் நான்கு வகை. ஆந்திராவின் கடப்பாக் கல் கறுப்பு நிறம். ராஜஸ்தானின் கோட்டாக் கல் நீலமும் பச்சையும் கலந்த நிறம். அதே ராஜஸ்தானிலிருந்து மஞ்சள், சாம்பல், செம்மண் நிறங்களில் மணற்கல் வருகிறது. நான்காவது, கிருஷ்ணகிரிப் பக்கமும் தென்னிந்தியாவின் வேறு இடங்களிலும் வெட்டும் கிரனைட்.

இவற்றில் கடப்பாவும் கோட்டாவும் சுண்ணாம்புக்கல் இனம். கடப்பா கறுப்பாக இருப்பதால் சிலர் அதைக் "கறுப்பு கிரனைட்" என்று சொல்லி விற்கிறார்கள். வீட்டுக்குள் அலுமாரித் தட்டுக்கும் படிக்கும் அது நல்ல கல். வெயிலில் கிடந்து வாகனம் ஏறும் பாதையில் பதித்தால் சில வருடத்தில் அதன் கறுப்பு சாம்பலாக மங்கிவிடும். அசிட் பட்டால் வெளுக்கும். கிரனைட் விலை கொடுத்து வாங்கிய மனிதர் அப்போது நம்மைத் தேடி வருவார்.

சோதனை ஒன்றும் பெரிய வேலை அல்ல. கல்லின் பின்பக்கத்தை ஆணியால் சுரண்டி, சுரண்டிய இடத்தில் தேசிக்காய்ப் புளி நான்கு சொட்டு விட்டுக் காதருகே பிடியுங்கள். சிறு குமிழ் எழுந்து மெதுவாக இரைந்தால் அது சுண்ணாம்புக்கல். கிரனைட் அசையாது. மணற்கல்லும் பெரும்பாலும் அசையாது. ஆனால் அதை விரலால் தேய்த்தால் மணல் நெருடும். ஆணியால் கிரனைட்டைக் கீறவும் முடியாது.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. ஒரு துண்டை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு, எடுத்து, மேல் ஈரத்தைத் துடைத்து மறுபடி நிறுங்கள். இரண்டு கிலோத் துண்டு பத்துக் கிராமுக்குள் கூடினால் நூற்றுக்கு அரை வீதம். நல்ல கிரனைட் அந்த அளவைத் தாண்டாது. அறுபது கிராம் கூடினால் மூன்று வீதம். மணற்கல்லில் இப்படி வருவது சாதாரணம். தண்ணீர் குடிக்கும் கல் எண்ணெயையும் குடிக்கும், பாசியும் பிடிக்கும். சீலர் தேவைப்படுவது இந்தக் கல்லுக்குத்தான். குடிக்காத கல்லுக்குச் சீலர் விற்பது வாடிக்கையாளரின் காசைத் தரையில் ஊற்றுவது போன்றது.

தடிப்பும் தராசும்

கல்லைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறோம். வாங்குபவர் நீளத்தையும் அகலத்தையும் அளந்து பார்ப்பார். தடிப்பை அளப்பவர் குறைவு. மோசடி நுழைவதும் அந்த வழியால்தான். 2022 மார்ச் ஆரம்பத்தில் இருநூறு ரூபாவை ஒட்டி இருந்த டொலர், மே மாதத்தில் முந்நூற்று அறுபது ரூபா ஆனது நமக்கெல்லாம் தெரியும். அதன் பிறகு 30 மில்லிமீட்டர் என்று சொல்லி 25 வருவதும், 20 என்று சொல்லி 16 வருவதும் கூடிவிட்டதை என் கடையில் இறங்கிய சரக்கிலேயே கண்டேன்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபக் கணக்கு உண்டு. கிரனைட்டோ இறுகிய சுண்ணாம்புக்கல்லோ, ஒரு சதுர அடி ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்கு ஏறத்தாழ கால் கிலோ நிறை. அப்படியானால் 20 மில்லிமீட்டர் கல் சதுர அடிக்கு ஐந்து கிலோ. 30 மில்லிமீட்டர் கல் ஏழரைக் கிலோ. மணற்கல் இதைவிடச் சற்று நிறை குறைவு.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்காக 600 சதுர அடி கல்லை ஒரு மொத்த வியாபாரியிடம் எடுத்தேன். 30 மில்லிமீட்டர் என்றுதான் பில். கணக்குப்படி 4,500 கிலோ வர வேண்டும். லொறியை வாகனத் தராசில் ஏற்றி இறக்கியபோது சரக்கு 3,750 கிலோதான். அப்படியானால் கல்லின் சராசரித் தடிப்பு 25 மில்லிமீட்டர். மாஸ்டரைக் கூப்பிட்டுத் தராசுத் துண்டைக் காட்டினேன். அவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நானா, நீங்கள் சொல்லாட்டி எனக்கு இது தெரியவே வந்திருக்காது" என்றார்.

"உங்களுக்குத் தெரியாது மாஸ்டர், எனக்குத் தெரியுமே" என்றேன்.

அவர் அந்தக் கல்லை வேண்டாம் என்று சொல்லவில்லை. குறைந்த தடிப்புக்கு உரிய விலையைக் குறைத்துக்கொண்டு, அடியில் கொங்கிரீட்டை ஓர் அங்குலம் கூட்டிப் போட்டுப் பதித்தார். மொத்த வியாபாரி அந்த வித்தியாசத்தைத் தர ஒப்புக்கொள்ள ஒன்றரை மாதம் ஆனது. அந்த ஒன்றரை மாதமும் பணம் என் கையைத்தான் கடித்தது. ஆனால் அதே ஒழுங்கையிலிருந்து அதற்குப் பிறகு மூன்று வீட்டு வேலை என் கடைக்கு வந்தது. விளம்பரத்துக்கு நான் ஒரு சதமும் செலவழிக்கவில்லை.

அளவில் குறைப்பவர்களைப் பற்றி அல்குர்ஆனில் தனியாக ஒரு சூராவே இருக்கிறது. எண்பத்து மூன்றாவது சூராவான அல் முதஃப்பிஃபீன் அவர்களுடைய பெயரையே தாங்கி நிற்கிறது. நெல்லிலும் துணியிலும் அளவு குறைப்பது பாவம் என்று நமக்குத் தெரியும். கல்லின் தடிப்பில் ஐந்து மில்லிமீட்டர் குறைப்பதும் அதே பாவம்தான் என்று எத்தனை பேர் நினைக்கிறோம்?

எவ்வளவு தடிப்பு வேண்டும்? காரும் முச்சக்கர வண்டியும் மட்டும் போகும் பாதையில், நல்ல கொங்கிரீட்டின் மேல் பதிப்பதானால் 30 மில்லிமீட்டர் கல் போதும். கொங்கிரீட் இல்லாமல் மணலில் பதிப்பதானால் மூன்று நான்கு அங்குலத் தடிப்புள்ள சிறு கட்டைக் கற்கள் வேண்டும். இரண்டடிக்கு இரண்டடிப் பெரிய பலகைக் கல்லை மணலில் வைத்து வாகனம் ஏற்றினால் வெடிக்கும். இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கல் பதித்த பிறகு அந்த வளவில் மதில் கட்டும் வேலை ஏதும் பாக்கி இருக்கிறதா? ஒரு கியூப் மணலின் நிறையே ஏறத்தாழ நாலரை டன். டிப்பரின் நிறை அதற்கு மேல். லான்ட்மாஸ்டர் பெட்டியில் சீமெந்து ஏற்றி வந்தாலும் சுமை சுமைதான். கனமான வேலை எல்லாம் முடிந்த பிறகே கல்லைப் பதிக்கச் சொல்லுங்கள்.

மினுக்கிய கல் வெளியில் வேண்டாம்

வாடிக்கையாளர் கடையில் பார்ப்பது கண்ணாடி போல் மினுக்கிய கல்லை. மாரி மழையில் அந்தக் கல்லில் மோட்டார் சைக்கிள் சறுக்கும், வயதானவர்கள் விழுவார்கள். வெளியில் பதிக்கும் கல்லின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும். கிரனைட்டை நெருப்பால் சுட்டுச் சொரசொரப்பாக்குவார்கள். நம் ஊரில் அம்மி பொளிவது போல் கொத்தியும் எடுப்பார்கள். இரண்டும் நல்லது. மணற்கல் தானாகவே பிடிமானம் உள்ளது. சரிவான பாதைக்குப் பெரிய கல்லை விடச் சிறிய கல் நல்லது. இடுக்குகள் அதிகம் இருப்பதால் டயருக்குப் பிடி கிடைக்கும்.

அடித்தளமும் தண்ணீரும்

கல் இறங்கியது, உடைந்தது, ஆடுகிறது என்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கல் அல்ல, அடித்தளம். மேல் மண்ணை வெட்டி எடுத்து, கிரவலும் சல்லியும் நாலு அங்குலமாவது போட்டு, தண்ணீர் தெளித்து இடித்து இறுக்க வேண்டும். அதன் மேல் கம்பி வலை வைத்து நாலு அங்குலக் கொங்கிரீட். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் சரிவு, வீட்டுப் பக்கம் அல்ல, வெளிப்பக்கம். கல்லின் அடியில் சாந்து முழுவதும் பரவியிருக்க வேண்டும். சில மேசன்மார் நேரத்தை மிச்சம் பிடிக்க நாலு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை சாந்து வைத்துக் கல்லை அமத்தி விடுகிறார்கள். உருண்டைகளுக்கு இடையில் வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்கு மேல் டயர் ஏறும் நாளில் மூலை உடையும். பதித்த மறுநாள் ஒரு சிறு மரச் சுத்தியலால் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பாருங்கள். வெற்றுப் பானை போல் சத்தம் வந்தால் அந்தக் கல்லை அன்றே எடுத்து மீண்டும் பதிக்கச் சொல்லுங்கள்.

வடமராட்சியில் இன்னொரு விசேஷப் பிரச்சினை உப்பு. கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் சவர். மணலிலும் உப்பு இருக்கலாம். அந்தத் தண்ணீரிலும் மணலிலும் சாந்து குழைத்தால், கல்லுக்கு அடியில் இருக்கும் உப்பு ஈரத்தோடு மேலே ஏறி, ஈரம் காய்ந்ததும் வெள்ளையாகப் பூக்கும். ஆகவே குழைக்கும் தண்ணீர் குடிக்கக்கூடிய நல்ல தண்ணீராக இருக்கட்டும். மணல் கழுவிய மணலாக இருக்கட்டும். மணல் கொண்டுவருபவரிடம் அனுமதிப் பத்திரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். மணற்காடு, குடத்தனைப் பக்கத்து மணல்மேடுகள் கரையோரத்துக்குப் பாதுகாப்பு. அவற்றைக் களவாக வெட்டி எடுத்த மணலில் நம் வாசலை அழகுபடுத்துவது ஹலாலான காரியம் அல்ல.

வெள்ளை பூத்துவிட்டால் அசிட் ஊற்றாதீர்கள். காய்ந்த தூரிகையால் கூட்டி அள்ளி அப்புறப்படுத்துங்கள். பிறகு நல்ல தண்ணீரால் கழுவுங்கள். சில வாரங்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் உப்பு குறைந்துகொண்டே வரும். பூப்பது நிற்கும்வரை சீலர் அடிக்கக் கூடாது.

சீலர்: எது, எப்போது, எப்படி

கடைகளில் உள்ள சீலர்களை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று கல்லின் மேல் வார்னிஷ் போலப் படலமாக நிற்பது. அக்ரிலிக், பொலியூரத்தேன் வகைகள் இவை. அடித்தவுடன் கல் நனைந்தது போல் மினுங்கும், நிறம் தூக்கிக் காட்டும். வாடிக்கையாளருக்குப் பார்த்தவுடன் பிடிக்கும். மற்றது கல்லுக்குள் ஊறி உள்ளே நின்று தண்ணீரைத் தள்ளுவது. சிலேன், சிலொக்சேன் வகைகள் இவை. அடித்தது தெரியாது, கல் இருந்தபடியே இருக்கும். "காசு குடுத்து அடிச்சும் ஒண்டும் தெரியேல்லையே" என்று சிலர் குறைப்படுவார்கள்.

வாகனப் பாதைக்கு நான் சொல்வது இரண்டாவது வகையைத்தான். காரணம் உண்டு. நிலத்திலிருந்து ஈரம் எப்போதும் ஆவியாக மேலே வரும். ஊறும் சீலர் அந்த ஆவியை வெளியே விடும். படலச் சீலர் அதை மூடி வைக்கும். மூடிய ஈரம் படலத்துக்கு அடியில் பால் போல் வெளுத்து நிற்கும், பிறகு உரியும். வெயிலில் ஓடி வந்த சூடான டயர் நிற்கும் இடத்தில் படலம் டயரோடு ஒட்டிக்கொண்டும் வரும். கரவெட்டிப் பக்கம் ஒரு வீட்டில் கல் பதித்துப் பத்தாம் நாள், அதுவும் நவம்பர் மாதம், யாரோ படலச் சீலர் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். தைப்பொங்கலுக்கு கனடாவிலிருந்து வந்த மகன் பார்த்தது, கோலம் போட்டது போல் வெள்ளைத் திட்டுகளை. அதைச் சுரண்டி எடுக்கச் செலவான கூலி அடித்த கூலியை விடப் பல மடங்கு.

நேரம் முக்கியம். குடாநாட்டுக்கு மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடையோடு வருகிறது. மாரிக்கு முன் கல்லைப் பதித்தவர் மாரி முடிந்து நிலம் காயும்வரை, பெப்ரவரி வரையாவது பொறுக்கட்டும். கோடையில் பதித்தவர் சாந்து இறுக நாலு வாரம் விட்டுப் பிறகு அடிக்கட்டும். கல் காய்ந்துவிட்டதா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. இரண்டடிப் பொலித்தீன் துண்டை மாலையில் கல்லின் மேல் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டுங்கள். காலையில் பொலித்தீனின் அடிப்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அடிக்கக் கூடாது.

அடிக்கும் நாளில் சூடு தணிந்த நேரம் வேண்டும். வெறும் காலோடு கல்லில் நிற்க முடியாத வெயிலில் அடித்தால் மருந்து ஊற முன்பே ஆவியாகிவிடும். அதிகாலை நல்லது. சோளகம் பலமாக வீசும் நாள் என்றால் தூசு வந்து ஒட்டும், தள்ளிப் போடுங்கள். முதலில் ஒரு மூலையில் பத்துச் சதுர அடியில் மட்டும் அடித்து, நிறம் மாறுகிறதா என்று மறுநாள் பாருங்கள். அந்தப் பத்துச் சதுர அடி எவ்வளவு குடித்தது என்று அளந்துகொண்டால் முழுப் பாதைக்கும் எத்தனை லீற்றர் தேவை என்பதும் தெரிந்துவிடும். முன்கூட்டியே நாலு வாளியைத் தலையில் கட்டிவிட வேண்டாம். ரோலரால் சீராக அடித்து, டின்னில் சொன்ன நிமிடம் விட்டு, மேலே தேங்கி நிற்பதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் பிசுக்காகக் காய்ந்து கறை போல் நிற்கும். இரண்டு நாளைக்கு வாகனம் ஏற்ற வேண்டாம்.

சீலரால் செய்ய முடியாததையும் சொல்லிவிட வேண்டும். சுண்ணாம்புக்கல்லை அது அசிட்டிலிருந்து காப்பாற்றாது. ஆடும் கல்லை இறுக்காது. அடியில் உள்ள உப்பைத் தடுக்காது. தண்ணீரைத் தள்ளும் எல்லாச் சீலரும் எண்ணெயைத் தள்ளாது. வாகனப் பாதைக்கு விற்கும்போது டின்னில் எண்ணெய்க் கறைக்கும் என்று எழுதியிருக்கிறதா என்று வாசித்துப் பார்த்து விற்க வேண்டும். ஒருமுறை அடித்தால் ஆயுளுக்கும் போதும் என்று சொல்வதும் பொய். ஊறும் வகை சில வருடங்கள் நிற்கும். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்காமல் கல் கறுத்து உறிஞ்சத் தொடங்கும் நாளில் மறுபடி அடிக்க வேண்டும்.

என்ஜின் ஒயில் சிந்திவிட்டால் தேய்த்துப் பரப்பாமல் முதலில் மரத்தூளோ சாம்பலோ போட்டு ஒற்றி எடுங்கள். ஊறிப்போன கறைக்கு அப்பச் சோடாவைப் பசை போலக் குழைத்து அப்பி, பொலித்தீனால் மூடி ஒரு நாள் விட்டு எடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் பெரும்பகுதி வந்துவிடும்.

கிணற்றை மறக்க வேண்டாம்

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் ஓடுவது. நாம் குடிப்பது மழை நிலத்துக்குள் இறங்கிச் சுண்ணாம்புக்கல்லில் தேங்கும் தண்ணீரை. வளவு முழுவதையும் கொங்கிரீட்டும் கல்லுமாக மூடினால் அந்த மழை வாய்க்காலில் ஓடிக் கடலுக்குப் போகும். கிணற்றில் நல்ல தண்ணீர் குறைந்தால் கடல்நீர் அந்த இடத்தைப் பிடிக்கும். ஆகவே டயர் போகும் இரண்டு வரிக்கு மட்டும் கல் பதித்து நடுவில் புல்லோ சல்லியோ விடும் முறையை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லுங்கள். நமக்குக் கல் வியாபாரம் பாதியாகும் என்பது உண்மை. பாதையின் ஓரத்தில் சல்லி நிரப்பிய ஒரு குழி வெட்டி மழைநீரை அதற்குள் விடுவதும் நல்லது.

நிலத்தில் சிந்துவது கிணற்றுக்குப் போகும் என்பதைச் சுன்னாகம் நமக்குக் காட்டியிருக்கிறது. மின் நிலையத்தின் எண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2019இல் மின் கம்பனியை இரண்டு கோடி ரூபா செலுத்தும்படி உத்தரவிட்டது. நம்முடைய சீலர் வாளி அதற்கு முன் சிறியதுதான். ஆனாலும் மிச்சச் சீலரையும், தூரிகை கழுவிய தின்னரையும் கிணற்றடியில் ஊற்றும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துவோம். முடிந்தால் தண்ணீரில் கரைந்த வகைச் சீலரை வாங்கிக் கையிருப்பில் வையுங்கள்.

கல் வெட்டும் தூசியையும் சொல்ல வேண்டும். மணற்கல்லிலும் கிரனைட்டிலும் உள்ள சிலிக்காத் தூசி நுரையீரலுக்குள் போனால் சிலிக்கோசிஸ் என்ற நோய் வரும். அதற்கு மருந்தே இல்லை. ராஜஸ்தான் கல்லுடைக்கும் தொழிலாளர்கள் பலர் இந்த நோயால் பாதிக்கப்பட்டு, அந்த மாநில அரசு 2019இல் அவர்களுக்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. அதே கல்லைத்தான் நம் மேசன் கிரைண்டரால் காய வெட்டுகிறார், பக்கத்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள். கல்லோடு ஒரு நல்ல முகக்கவசத்தையும் கொடுத்தனுப்பினால் அது ஸதகாவாகும்.

பில்லில் எழுதுங்கள்

மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மழை நனைத்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். மழை அவருடைய குற்றம் அல்ல. நனைந்ததை அடியில் மறைத்து வைத்ததுதான் குற்றம். ஜனங்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்ற கருத்தில் கண்டித்தார்கள். கல்லில் குறை இருப்பதும் நம் குற்றம் அல்ல. அது மலையிலிருந்து வருவது. அதை மேலே வைத்துக் காட்டுகிறோமா என்பதுதான் நம்மிடம் கேட்கப்படும்.

ஆகவே பில்லில் "கல் 600 சதுர அடி" என்று மட்டும் எழுதாதீர்கள். கல்லின் இனம், வந்த இடம், தடிப்பு, எதற்கு ஏற்றது, எதற்கு ஏற்றதல்ல என்று நாலு வரி எழுதிக் கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து எழுதுவதைவிட அமானிதம் என்று எழுதுவது மேல். பணம் அனுப்பும் பிள்ளை லண்டனிலோ டொரொண்டோவிலோ இருக்கிறார். அவருக்குக் கல்லைத் தொட்டுப் பார்க்க முடியாது. அந்த நாலு வரியைப் படம் பிடித்து அனுப்பினால் அவர் நம்பிக்கையோடு பணம் அனுப்புவார்.

1990 ஒக்டோபர் இறுதியில் நம் சமூகம் குடாநாட்டை விட்டு வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டது. 2002க்குப் பிறகும் 2009க்குப் பிறகும் திரும்பி வந்து கடை திறந்தவர்களிடம் முதல் இருக்கவில்லை, கட்டடம் இருக்கவில்லை. முன்னைய வியாபாரிகளின் நாணயத்தை நினைவில் வைத்திருந்த பழைய வாடிக்கையாளர்கள் "நானா வந்திட்டீங்களா" என்று தேடி வந்தார்கள். அந்த முதலைத்தான் நாம் இன்றும் செலவழித்துக்கொண்டிருக்கிறோம். அதைக் குறையாமல் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

உண்மை பேசிக் குறையையும் தெளிவுபடுத்தி விற்கும் வியாபாரத்துக்குப் பரகத் உண்டு என்பது நபிமொழி தரும் உறுதி. வல்ல அல்லாஹ் நம் அனைவரின் வியாபாரத்திலும் அந்தப் பரகத்தைத் தருவானாக. ஆமீன்.